நெருக்கிக் கட்டிய பூ

என் மகளை நான் இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்ததே இல்லை. எங்கள் சந்தில் குடியிருந்தவர்களிடம் இதைச் சொன்னால், பெற்றவள் தூக்காமல் வேறு யார் தூக்கினது என்று சிரிப்பார்கள். தூக்கினது என் மாமியார். ரேஷன் கடைக்கு, கோயிலுக்கு, பள்ளிக்கூட வாசல் வரைக்கும் அவர் இடுப்பில்தான் அவள் சவாரி. நான் இடது கையில் பூக்கூடையோடு பக்கத்தில் நடப்பேன். கூடை எவ்வளவு கனத்தாலும் கவலையில்லை, குழந்தையின் குதிகால் என் அடிவயிற்றில் படாமல் இருந்தால் போதும்.

தொண்ணூற்றொன்றில் திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து பெங்களூர் ஒக்கலிபுரத்துக்குக் கல்யாணமாகி வந்தேன். வீட்டுக்காரருக்கு ரயில்வே ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் மூட்டை ஏற்றி இறக்குகிற வேலை. மாமியாருக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அம்மன் கோயில் வாசலில் பூக்கடை. கடை என்றால் ஒரு மரப்பலகையும் ஒரு கறுப்புக் குடையும்தான். ஆனால் அந்த அம்மனுக்குக் காலையும் மாலையும் சாத்துகிற மாலை எங்கள் வீட்டு மாலை. விடிகாலையில் மார்க்கெட்டிலிருந்து பூ மூட்டை வந்து இறங்கும். நானும் மாமியாரும் எதிரெதிரே உட்கார்ந்து கட்டுவோம். வந்த மூன்றாம் மாதமே அவரைவிட வேகமாகக் கட்டினேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை, வேறு எதற்கும் அந்த வீட்டில் என்னை யாரும் மெச்சவில்லை.

சாமிப் பூ கட்டுகிற வீட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. மாதவிலக்காகித் தூரமான பெண் பூவைத் தொடக்கூடாது. தொட்டால் மொட்டு கருகிவிடும், அம்மனுக்கு ஆகாது. மூன்று நாள் கதவோரமாக ஒரு கோணிமேல் உட்கார்ந்திருக்க வேண்டும். தட்டு, தம்ளர் எல்லாம் தனி. எங்களுக்கு இருந்ததே ஓர் அறையும் ஓர் அடுப்படியும். கதவைத் திறந்தால் சந்து. அதனால் கதவோரம் உட்கார்ந்தால் சந்து முழுக்கத் தெரியும். மாமியாருக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். என் தூர நாளைச் சுவரில் தொங்கும் காலண்டரில் பென்சிலால் வட்டம் போட்டு வைப்பார். அடுத்த மாதம் அந்த நாளில் பூவைக் குறைத்து வாங்கலாமே என்ற கணக்கு.

எனக்கு வயதுக்கு வந்த நாளிலிருந்தே வலி. சாதாரண வலி இல்லை. அடிவயிற்றில் தொடங்கி முதுகு, தொடை என்று இறங்கும், வாந்தி வரும், கக்கூசுக்குப் போனால் கண் இருட்டும். அந்தக் கோணிமேல் நான் சுருண்டு கிடப்பதைத் தண்ணீர்க் குடத்தோடு போகிற வருகிற பெண்கள் எல்லாம் பார்ப்பார்கள். ஊரில் இல்லாத வலியா இவளுக்கு மட்டும் என்று ஒருத்தி சொல்வாள். வேலைக்குச் சோம்பல் என்று இன்னொருத்தி. மாமியார் அவர்களோடு சேர்ந்து சொல்லவும் மாட்டார், மறுத்துச் சொல்லவும் மாட்டார், பூவைப் பார்த்துக் குனிந்துகொள்வார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்.

இரண்டு வருஷம் கழித்துப் பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். சினைப்பையில் கட்டி இருக்கிறது என்றார்கள். கருப்பைக்குள் இருக்கவேண்டிய சவ்வு வெளியேயும் ஒட்டிக்கொண்டு வளர்கிறது, மாதாமாதம் அதுவும் சேர்ந்து உதிரம் விடுகிறது, வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே கட்டிக்கொள்கிறது, அதனால்தான் வலி என்று ஒரு டாக்டர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயரையும் எழுதிக் கொடுத்தார். மருந்து கேட்டேன். சீக்கிரம் ஒரு பிள்ளை பெற்றுக்கொள், எல்லாம் அடங்கிவிடும் என்றார். பிள்ளை தங்காததற்கும் அந்த வியாதிதான் காரணம் என்று அதே வாய்தான் ஐந்து நிமிஷம் முன்னால் சொன்னது. வீட்டைப் பூட்டிச் சாவியை உள்ளே வைத்துவிட்டு, போய்த் திறந்துகொள் என்பதுபோல இருந்தது எனக்கு.

முதல் பொய்யை அதற்கு முன்பே சொல்லிவிட்டேன். கல்யாணமாகி வந்த முதல் ஆடி வெள்ளிக்கிழமை. அம்மனுக்கு ஆளுயர மாலை, அது போக நாற்பது ஐம்பது சரம். காலையில் எழுந்தால் தூரமாகிவிட்டேன். சொன்னால் நான் கோணியில், மாமியார் ஒருத்தியாக அத்தனை மூட்டையையும் கட்டவேண்டும். சொல்லவில்லை. குளித்துவிட்டு வந்து நூலைக் கையில் எடுத்தேன். மொட்டு கருகுகிறதா கருகுகிறதா என்று பார்த்துக்கொண்டே கட்டினேன். கருகவில்லை, எப்போதும்போல வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு வாரம் கழித்து, பூ குறைவாக வருகிற நாளாகப் பார்த்து, தூரமாகிவிட்டேன் என்று சொல்லிப் போய்க் கதவோரம் உட்கார்ந்துகொண்டேன். மாமியார் காலண்டரில் வட்டம் போட்டார்.

அதன் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. உண்மையான மூன்று நாள் பூ கட்டினேன். ஒரு வாரம் கழித்துப் பொய்யான மூன்று நாள் உட்கார்ந்தேன். வேலைமேல் இருந்த பற்றினால் செய்தேன் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். வலியோடு சந்து பார்க்க உருள்வது எனக்கு அவமானமாக இருந்தது. உள்ளே பூமூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்தால் யாருக்கும் தெரியாது. வலி எழும்பும்போது பல்லைக் கடித்துக்கொண்டு நூலை இழுப்பேன். நாப்கினைப் பேப்பரில் சுற்றிப் பூக்கழிவோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுவேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கெட்டிக்காரி நான்தான் என்று எனக்குள் ஒரு நினைப்பு வேறு.

ஐந்து வருஷம் போய் ஆறாவது வருஷம் நாள் தள்ளியது. நான் அழுதது குழந்தைக்காக மட்டும் இல்லை. ஒன்பது மாதம் வலி இருக்காது, பிறகு எப்போதும் இருக்காது என்று நம்பி அழுதேன். என் மகளை எனக்கு மருந்தாகத்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

வலி போகவில்லை. மூன்றாம் மாதத்தில் வலது பக்கம் உள்ளே யாரோ துணியைக் கிழிப்பதுபோல இழுத்தது. ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள் பூக்கூடையைத் தூக்கப்போய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். குழந்தை போய்விட்டது என்றே நினைத்தேன். ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பைக் கேட்க வைத்து, உள்ளே சவ்வு அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது, கருப்பை பெரிதாகும்போது அதை இழுக்கிறது, அதுதான் வலி என்றார்கள். இதை ஏன் யாரும் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பிள்ளைத்தாச்சிக்கு வலி வரத்தான் வரும் என்று போய்விட்டாள். வீட்டிலும் அதே பாட்டு. புளிப்புத் தின்றதால் வலி, குனிந்து கூட்டினதால் வலி, கூட்டாமல் உட்கார்ந்ததால் வலி. எனக்கு வந்த கோபத்தில் ஒரு நாள் சாம்பார்ச் சட்டியைத் தூக்கிச் சந்தில் எறிந்தேன். அதற்கும் மசக்கை என்று பெயர் வைத்தார்கள்.

ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். பெண் குழந்தை, இரண்டரைக் கிலோ, தலை நிறைய முடி. பால் கொடுத்த ஏழெட்டு மாதம் தூரம் வரவில்லை, வலியும் இல்லை. என் வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள் அவைதான். அப்போது ஏன் இடுப்பில் தூக்கவில்லை என்று கேட்கலாம். கழுத்து நின்று, முதுகு நின்று, இடுப்பில் உட்காரப் பழகுகிற நேரத்துக்கு எனக்குத் தூரமும் திரும்பி வந்துவிட்டது. கூடவே தையலின் வலது முனையில் ஒரு கொட்டை. முதலில் புளியங்கொட்டை அளவு. மாதம் ஒரு முறை வீங்கி, தொட்டால் உயிர் போகும். பிறகு எல்லா நாளும் வலித்தது, அந்த நாட்களில் அதிகம். குழந்தையைத் தூக்கினால் அவள் கால் சரியாக அங்கேதான் இடிக்கும். ஒரு நாள் அப்படி இடித்ததும் என்னையறியாமல் அவளைக் கீழே போட்டுவிட்டேன். உதடு கிழிந்து ரத்தம். மாமியார் ஓடிவந்து அவளை வாரி எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து என் கையில் கொடுக்கவில்லை. நான் கை நீட்டினாலும் சும்னே இரு என்று கன்னடத்தில் ஒரு அதட்டு போட்டுவிட்டு அவரே இடுப்பில் ஏற்றிக்கொள்வார். பிள்ளையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார் என்று நான் வன்மம் வளர்த்தேன். பொய் சொல்வானேன், அவர் தடுக்கி விழவேண்டும் என்றுகூட நினைத்திருக்கிறேன்.

பக்கத்துத் தெருவில் கிளினிக் வைத்திருந்த டாக்டரிடம்தான் முதலில் போனோம். நல்ல மனுஷர், அம்மன் பக்தர், வெள்ளிக்கிழமை தவறாமல் எங்களிடம் மாலை வாங்குவார். பெரியாஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்துவிட்டு, இந்தக் கொட்டை தூர நாளில் வீங்குகிறதா, வேறு நாளிலா என்று கேட்டார். சரியான கேள்வி. நான் வாயைத் திறக்குமுன் மாமியார் பதில் சொன்னார். வீங்கினது போன மாதம் மூன்றாம் தேதி, தூரம் பத்தாம் தேதி, காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறேன் என்றார். அதற்கு முந்தின மாதக் கணக்கையும் சொன்னார். டாக்டர் அப்படியென்றால் அது இல்லை, தையல் நூல் உள்ளே தங்கிச் சீழ் பிடித்திருக்கிறது என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எப்படிச் சொல்வது? ஏழெட்டு வருஷம் தீட்டுக் கையால் கட்டின மாலையைத்தான் நீங்கள் வாங்கி அம்மனுக்குச் சாத்தினீர்கள் என்று அந்த மனுஷரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவர் கோயில் கமிட்டியில் வேறு இருந்தார்.

அவர் எழுதிக் கொடுத்த ஆஸ்பத்திரியில் கொட்டையைக் கிழித்துச் சுத்தம் செய்தார்கள். சீழ் வரவில்லை, கறுப்பாகக் கொஞ்சம் ரத்தம் வந்தது. இரண்டு மாதத்தில் அதே இடத்தில் மறுபடி வளர்ந்தது. மாத்திரை, ஊசி, மறுபடி மாத்திரை. வருஷங்கள் இப்படியே போயின. கொட்டை எலுமிச்சை அளவுக்கு வந்துவிட்டது. மகள் நடந்தாள், ஓடினாள், பள்ளிக்கூடம் சேர்ந்தாள். என்னிடம் வரும்போது மட்டும் ஒரு முழம் தள்ளி நின்று, "அம்மா, இன்னிக்கு வயிறு வலிக்குதா?" என்று கேட்டுவிட்டுத்தான் பக்கத்தில் வருவாள். அவளை ஒரே ஒரு தடவை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயிலைச் சுற்றி வரவேண்டும், அவ்வளவுதான் நான் வேண்டிக்கொண்டது.

அவளுக்கு ஆறு வயதாகும்போது மல்லேஸ்வரத்தில் ஒரு பெண் டாக்டரிடம் போனோம். கன்னடக்காரர், தமிழும் பேசினார். கொட்டையை அழுத்திப் பார்த்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டார். மாமியார் மகளை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வழக்கம்போல வட்டம் போட்ட தேதியைச் சொன்னார். டாக்டர் யோசித்தார். தேதி ஒத்துப்போகவில்லையென்றால் வேறு எதுவாகவும் இருக்கலாம், ஒரு துண்டு வெட்டிக் கேன்சர் டெஸ்டுக்கு அனுப்பவேண்டும் என்றார். மகளின் குதிகால் மாமியார் மடியிலிருந்து தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. நான் அதையே பார்த்தேன். அம்மன் என்ன செய்வாள், ஊர் என்ன சொல்லும் எல்லாம் அந்த நிமிஷம் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

"அத்தை சொல்ற தேதி தப்பு மேடம்," என்றேன். "அது நான் சொன்ன பொய்யி. நெசமான தேதி ஒரு வாரம் முன்னாடி. தூரமாவுற அன்னிக்குத்தான் இது வீங்குது. எல்லா மாசமும்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டார். பூவைப் பற்றிச் சொன்னேன். அவர் திட்டவில்லை. அடுத்த மாதம் வீங்குகிற அன்றைக்கே நேராக வா, நான் கண்ணால் பார்க்கவேண்டும் என்றார். மாமியார் சுவரில் மாட்டியிருந்த குழந்தைப் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பஸ் ஸ்டாப்பில் நின்றோம். இப்போது அறைவார், இல்லையென்றால் அம்மன் பேரைச் சொல்லிச் சபிப்பார் என்று காத்திருந்தேன். அவர் மகளை இடுப்பில் சரிசெய்துகொண்டு மெதுவாகத்தான் பேசினார்.

"எனக்குத் தெரியும்."

"இன்னா தெரியும்?"

"மொத ஆடியிலருந்தே தெரியும். மத்த நாள்ல நீ தளர்த்தியா கட்டுவ. அந்த மூணு நாள்ல நெருக்கிக் கட்டுவ. முழத்துக்குப் பத்துப் பூ சேத்து வுழும், காம்பு ஒடிஞ்சி போற மாதிரி நூலை இழுத்திருப்ப. பூ கட்றவளுக்கு இது கூடவா தெரியாது?"

தெரிந்துகொண்டே அந்த டாக்டரிடம் பொய்த் தேதியைச் சொன்னீர்களா என்று கேட்டேன். சொன்னாராம். அவர் கமிட்டி ஆள், தெரிந்தால் அன்றைக்கே கோயில் மாலை கைவிட்டுப் போகும், நாலு வயிறு அந்த மாலையில்தான் கஞ்சி குடிக்கிறது என்றார். நான் மூன்று நாள் கோணியில் உட்கார்ந்துவிட்டால் யார் கட்டுவது என்றும் கேட்டார். அதெல்லாம்கூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. இன்னொன்றைத்தான் கேட்டேன்.

"அப்போ எனக்கு வலிக்குதுன்னும் தெரியும்."

"தெரியும்," என்றார். "இல்லாங்காட்டி இவள உங்கிட்ட குடுக்காம நான் எதுக்கு இத்தினி வருஷம் சொமந்தேன்?"

அறுபது வயது மனுஷி. இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து போயிருந்தது, அதை அன்றைக்குத்தான் கவனித்தேன். கட்டிக்கொண்டு அழவேண்டும் என்று ஒரு பக்கம். பஸ் வருகிற ரோட்டில் பிடித்துத் தள்ளவேண்டும் என்று ஒரு பக்கம். இரண்டும் உண்மை. அவர் வட்டமும் பொய், என் வாயும் பொய், நடுவில் கிடந்து வெட்டுப்பட்டது என் வயிறு. பஸ் வந்தது, ஏறிவிட்டோம்.

அடுத்த மாதம் சரியான நாளில் போனேன். கொட்டை நாவற்பழ நிறத்தில் வீங்கி இருந்தது. டாக்டர் பார்த்ததும் தலையாட்டினார். பிரசவ ஆபரேஷன் செய்யும்போது கருப்பைச் சவ்வில் ஒரு துளி தையலில் ஒட்டிக்கொண்டுவிட்டது, அதுவும் மாதாமாதம் உதிரம் விட்டிருக்கிறது, எல்லாம் அதே வியாதிதான் என்றார். சுற்றியிருந்த சதையோடு சேர்த்து வெட்டி எடுத்தார்கள். கேன்சர் இல்லை. ஐந்து வருஷத்துக்கு முன்பே செய்திருக்கவேண்டியது. சினைப்பையில் இருப்பது இன்னும் இருக்கிறது, மாத வலி இன்னும் வருகிறது, பிள்ளை பெற்றால் சரியாகிவிடும் என்று இப்போது யாராவது சொன்னால் நான் வாயில் வந்ததைச் சொல்லிவிடுவேன். தூர நாளில் கோணியும் இல்லை, பூவும் இல்லை. உள்ளே பாயில் சுடுதண்ணீர்ப் பையோடு படுத்துக்கொள்வேன். வட்டத்தை நானே போடுகிறேன். முதல் மாதம் மாமியார் பென்சிலை என் பக்கம் நகர்த்திவிட்டு அந்த வாரம் பூவைக் குறைத்து வாங்கினார்.

கனமானது எதையும் ஆறு மாதம் தூக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறு மாதம் முடிந்த அன்று சாயங்காலம் பள்ளிக்கூட வாசலுக்கு நானே தனியாகப் போனேன். மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. வழக்கம்போல ஒரு முழம் தள்ளி நின்று வயிறு வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லி, குனிந்து, அவளை வாரித் தூக்கி வலது இடுப்பில் வைத்தேன். அவள் கால் என் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. ஷூ தையல்மேல் நன்றாக இடித்தது. வலிக்கவில்லை.

"எறக்கி வுடும்மா," என்றாள் என் காதில். "எல்லாரும் பாக்குறாங்க. நான் இன்னா சின்னப் பாப்பாவா?"

ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. இறக்கிவிட்டேன்.